லவ்னெஸ் கபாசாவின் ஈரப்பதம்

லாரிகளை நிறுத்தி எடை பார்க்கிறவர்களே அளவுக்கு மீறிய எடையோடு இருந்தால் லாரிக்காரன் எப்படி மதிப்பான் என்ற கேள்வி, சாலைப் பளு வாரியத்தின் தலைமை இயக்குநர் டாக்டர் கலுபாவுக்கு ஒரு வெளிநாட்டுக் கருத்தரங்கில், மதிய விருந்து முடிந்து ஐஸ்கிரீம் வருவதற்குள் தோன்றியது. ஜூலை மாதம் சுற்றறிக்கை வந்துவிட்டது.

"சாலையைத் தேய்ப்பவை சக்கரங்கள் மட்டுமல்ல, செருப்புகளும்தான்" என்று அது தொடங்கியது. எடைமேடை இயக்குபவர்களுக்கு எண்பது கிலோ. நிலையத் தலைவருக்குத் தொண்ணூற்றைந்து. துணை இயக்குநருக்கு நூற்றுப் பதினைந்து. பதவி உயர உயரப் பொறுப்பின் பாரமும் ஏறும் என்பதால் இந்த ஏற்பாடு. தலைமை இயக்குநர் எந்தப் பட்டியலிலும் அடங்கவில்லை. சுரங்கத்துக்கு ராட்சத இயந்திரங்களை ஏற்றிப் போகும் வண்டிகளுக்குக் கொடுப்பதைப் போன்ற தனி அனுமதிச் சீட்டு ஒன்றை அவர் தனக்கே எழுதி, தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தச் சீட்டின் விதிப்படி வண்டிக்கு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் சிவப்புக் கொடி பிடித்துப் போக வேண்டும். விதியை விதி எழுதியவரே மீறலாமா? தலைமை அலுவலகத்தில் அவர் கழிவறைக்கு நடந்தாலும் முன்னும் பின்னும் கொடிகள் நடந்தன.

அக்டோபர் பதினைந்துக்குள் எடையைக் குறைக்காதவர்களுக்கு மேற்கு எல்லையில் சிம்பாங்கு சோதனைச்சாவடிக்கு மாற்றல். பஸ்ஸில் இரண்டு நாள், பிறகு படகு.

எங்கள் கசெங்கா எடைமேடையில் இந்த வரி ஒருவரைத்தான் குத்தியது. லவ்னெஸ் கபாசா. பதினான்கு வருடமாக மேடையை இயக்குகிறார். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் முலேங்கா பன்னிரண்டாம் வகுப்பு. தேர்வு எண் பதிவாகிவிட்டது, இனிப் பள்ளி மாற முடியாது. அக்டோபர் கடைசியில் தொடங்கும் தேர்வு நவம்பர் இருபத்தாறாம் தேதிதான் முடியும். அதுவரை தாய் இங்கே இருந்தாக வேண்டும். மகளை விட்டுப் போக ஆள் இல்லை, வீடும் வாரியத்தின் குவார்ட்டர்ஸ்.

முதல் எடையை நிலையத் தலைவர் மலாமா லாரி மேடையிலேயே பார்த்தார். அறுபது டன்னுக்குக் கட்டிய மேடை அது. இருபது இருபது கிலோவாகத்தான் நகரும்.

"ஊழியர்ங்கறது ரெண்டு அச்சு வாகனம். மொதல்ல இடது அச்சு ஏறட்டும்" என்றார் மலாமா.

லவ்னெஸ் இடது காலை வைத்தார். நாற்பது. வலது காலை மட்டும் வைத்தார். நாற்பது. இரண்டையும் வைத்து நின்றார். நூறு.

"மீதி இருபது எங்க போச்சு?"

"நடுவுல இருக்கும் சார்."

மலாமா அதைக் குறித்துக்கொண்டார். பிறகு சாலைக்கு எதிர்ப்பக்கச் சுகாதார நிலையத்திலிருந்து மனிதர்களுக்கான கருவி இரவல் வந்தது. தொண்ணூற்றொன்று புள்ளி இரண்டு.

அன்று முதல் லவ்னெஸ் ஷீமாவை விட்டார். மக்காச்சோளக் களி இல்லாத தட்டின் முன் உட்கார்வது எங்கள் ஊரில் நோயாளியும் கைதியும் மட்டும் செய்கிற காரியம். கீரை, அவித்த முட்டை, மறுபடி கீரை. ஏழாம் நாள் கருவியில் ஏறினால் எண்பத்தேழு புள்ளி ஆறு!

வாரியம் துள்ளியது. தலைமை இயக்குநர் கொடிகள் சூழ நேரில் வந்தார். பந்தல் போட்டார்கள்.

"ஏழு நாள்ல மூணு கிலோ அறுநூறு கிராம்!" என்று டாக்டர் கலுபா ஒலிபெருக்கியில் முழங்கினார். "நான் ஒரு சுற்றறிக்கைதான் எழுதினேன். இந்தம்மா உடம்பு கீழ்ப்படிஞ்சுது. இதே வேகத்துல போனா ஆறு மாசத்துல இவங்க எடை மைனஸ்ல வரும். அதையும் நாம சமாளிப்போம்."

கைதட்டினோம். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.

லவ்னெஸ் அதைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கச் சுகாதார நிலையத்துக்கு ஓடினார். சிஸ்டர் பூப்பே இருபது வருட நர்ஸ். பாராட்டுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"முலேங்காம்மா, ரொம்ப ஆடாத. போனது கொழுப்பு இல்ல, தண்ணி."

"மூணரை கிலோவுமா?"

"முக்கால்வாசிக்கு மேல. நீ தின்ன ஷீமாவை உடம்பு கொஞ்சம் சேத்து வெச்சிருக்கும். சும்மா வெக்காது, ஒரு பங்குக்கு மூணு பங்கு தண்ணியோட ஊற வெச்சிருக்கும். ஷீமாவை நிறுத்துனதும் இருப்பு காலி. தண்ணி எங்க இருக்கும்? கழிவறைக்கு எத்தன தடவ ஓடுன இந்த வாரம்?"

"அதச் சொல்லாத. மேடையை விட்டு ஓடி ஓடியே..."

"ஓடுனதுதான் உன் சான்றிதழ். கொழுப்பு மெதுவாத்தான் கரையும். வாரத்துக்கு அரைக் கிலோ போனா சந்தோஷப்படு. நடுவுல ரெண்டு கிலோ ஏறும், எறங்கும். உப்புத் தின்னா ஏறும், மாசவிலக்குக்கு முன்னால ஏறும், வெயில்ல நின்னு காலு வீங்குனா ஏறும். அத்தனையும் தண்ணி. தினம் பாக்காத. ஒரு மாசத்து எண்ணைப் பாரு. இல்லேன்னா இடுப்புல சிதெங்கே துணி எங்க வந்து முடியுதுன்னு பாரு."

"வாரியத்துக்கு இதெல்லாம் புரியுமா?"

"வாரியத்துக்கு லாரி புரியுமான்னே எனக்குச் சந்தேகம்" என்றார் சிஸ்டர்.

இதைக் கேட்ட லவ்னெஸால் சும்மா இருக்க முடியவில்லை. தினமும் பார்க்காதே என்றால் தினமும் ஏழு தடவை பார்த்தார். காலையில் சுகாதார நிலையத்தில். பத்து மணிக்குச் சந்தையில் உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசில். மதியம் மக்காச்சோள மூட்டைக்காரரிடம். தண்ணீர் குடிப்பதற்கு முன், குடித்ததற்குப் பின். சோறு இறங்காமல், நாற்காலியில் நிலைகொள்ளாமல், லாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார். ஒரு எண்ணும் இன்னொரு எண்ணும் ஒத்துப்போகவில்லை.

"முலேங்காம்மா, ஒரே எடத்துல நில்லுங்க, என் வண்டிக்கு மயக்கமா வருது" என்று வம்பிழுப்பான் பிளைசன். செம்புத் தாது ஏற்றி வாரம் மூன்று முறை வருகிற டிரைவர். "சொல்லுங்க, நான் கத்துத் தரேன். மேடையில ஏறும்போது ஒரு சக்கரத்தை ஓரத்துல வெச்சீங்கன்னா அஞ்சு கிலோ காணாமப் போயிடும்."

"அப்படித்தான் என்னைப் பதினாலு வருஷமா ஏமாத்துறியா?"

"ஐயோ, பொதுவாச் சொன்னேங்க."

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு சாவு. சாவு வீட்டில் போய் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிடாமல் வந்தால் நீங்கள்தான் செய்வினை வைத்தவர் என்று பேச்சு கிளம்பும். லவ்னெஸ் இரண்டு நாள் உட்கார்ந்தார். ஷீமாவும், உப்புக் கரிக்கிற கபெண்டா கருவாடும் நான்கு வேளை. மூன்றாம் நாள் வாரியத்தின் வாராந்திர எடை. எண்பத்தாறு எதிர்பார்த்த இடத்தில் தொண்ணூறு புள்ளி மூன்று.

மலாமா முகம் கறுத்தது. மறுநாளே விளக்கம் கேட்டு ஓலை வந்தது. இரண்டு எடை பார்ப்புகளுக்கு இடையில், அனுமதியின்றி, வழியில் சரக்கு ஏற்றிய குற்றம். ஏற்றிய இடம் எது? அனுப்பியவர் பெயர் என்ன? சரக்கை எங்கே இறக்குவதாக உத்தேசம்?

"இது தண்ணி சார். உப்பு தண்ணியப் பிடிச்சு வெச்சிருக்கு. நாலு நாள்ல தானா எறங்கிடும்" என்று லவ்னெஸ் மன்றாடினார்.

"டேங்கர் டிரைவர் இப்படிச் சொன்னா விட்டுருவீங்களா? 'சார், இது டீசல்தான், போகப் போகக் கொறஞ்சிடும்'னு?"

சிஸ்டர் பூப்பே ஒரு பக்கத்துக்கு மருத்துவக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மனித உடம்பில் பாதிக்கு மேல், ஏறக்குறைய அறுபது சதவீதம் தண்ணீர். அது நாளுக்கு நாள் கூடும், குறையும். அதை வைத்து யாரையும் தண்டிக்காதீர்கள். அவ்வளவுதான் எழுதினார். இந்த அளவுக்குத் தெளிவான கடிதம் வாரியத்துக்கு அதுவரை வந்ததில்லை. ஆகவே அதை ஆராய ஒரு குழு அமைத்தார்கள்.

ஈரப்பதக் குழு என்று பெயர். இங்கேதான் எங்கள் செம்பு நாட்டு மூளை வேலை செய்தது. சுரங்கத்திலிருந்து வரும் தாது மாவு எப்போதும் ஈரமாகவே இருக்கும். வாங்குகிறவன் தண்ணீருக்கா காசு கொடுப்பான்? லாரியில் குழலைக் குத்தி மாதிரி எடுத்து, நிறுத்து, அடுப்பில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி நிறுப்பார்கள். குறைந்தது ஈரம், மிஞ்சியது சரக்கு. அந்த ஈரத்தைக் கழித்துத்தான் கணக்கு. ஆளுக்கும் இதே முறை என்று மலாமா யோசனை சொன்னதும் குழு எழுந்து நின்று கைகுலுக்கிக்கொண்டது.

தாது ஆய்வகத்திலிருந்து ஆள் வந்தார். கையில் ஒரு கஜ நீளக் குழல். லவ்னெஸை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆறு எடத்துல குத்தி எடுக்கணும்னு விதி."

"அந்தக் குழலோட ஒரு அடி முன்னால வெச்சா, உன்னை ஒரே எடத்துல குத்துவேன். எனக்கு விதி வேண்டாம்" என்றார் லவ்னெஸ்.

பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் தலையிலிருந்து ஒரு பிடி முடியை வெட்டிக்கொண்டு போனார்கள். அதை நிறுத்து, நூற்றைந்து டிகிரியில் ஒரு நாள் முழுக்க உலர்த்தி, மறுபடி நிறுத்தார்கள். ஒரு மில்லிகிராம்கூடக் குறையவில்லை. முத்திரையோடு அறிக்கை வந்தது: ஊழியர் லவ்னெஸ் கபாசா, ஈரப்பதம் பூஜ்யம்.

"சார், அது என் முடியே இல்ல!" என்று லவ்னெஸ் கத்தினார். "நைலான். சந்தையில வாங்கித் தெச்சது. ஊர்ல பாதிப் பொம்பளைங்க தலையில அதான் இருக்கு!"

"உங்க தலையில இருந்துச்சா, இல்லையா?" என்றார் மலாமா.

"இருந்துச்சு."

"வண்டி மேல இருக்கறதெல்லாம் சரக்குதான். தார்ப்பாயை இறக்கி வெச்சுட்டா எடை பாக்கறோம்?"

இதற்குள் சிஸ்டரின் கடிதம் தலைமை அலுவலகத்தில் மேசை மேசையாக ஏறி டாக்டர் கலுபாவிடம் போயிருந்தது. அறுபது சதவீதம் என்ற இடத்தில் அவர் கண் நின்றது. கணக்குப் போடும் கருவியை வரவழைத்தார். தன் எடையான நூற்று நாற்பத்தெட்டில் அறுபது சதவீதத்தைக் கழித்தால் ஐம்பத்தொன்பது புள்ளி இரண்டு. இரண்டு முறை போட்டுப் பார்த்தார். கல்லூரிக் காலத்திலும் அவர் அந்த எடையில் இருந்ததில்லை.

அக்டோபர் பத்தாம் தேதி புதிய சுற்றறிக்கை வந்தது. இனி ஊழியர்களின் உலர் எடை மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். ஒவ்வொருவருக்கும் அறுபது சதவீதம் ஈரக் கழிவு. ஒரே நாளில் வாரியத்தின் நானூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களில் ஒருவர் போக மற்ற எல்லோரும் மொத்த எடையில் பாதிக்கு மேல் இழந்தார்கள். மலாமா முப்பத்தாறுக்கு வந்து, அன்று மதியம் இரண்டு கோழி தின்றார். தலைமை இயக்குநரின் தனிச் சீட்டு ரத்தாகி, கொடிக்காரர்கள் இருவரும் வேறு துறைக்குப் போனார்கள்.

சுற்றறிக்கையில் ஒரு அடிக்குறிப்பு இருந்தது. 'ஆய்வகச் சான்று உள்ளவர்களுக்கு அந்தச் சான்றே செல்லும்.' நாடு முழுவதும் ஆய்வகச் சான்று பெற்றிருந்த ஊழியர் ஒருவர்தான்.

லவ்னெஸ் அப்போது நிஜமாகவே எண்பத்தைந்துக்கு வந்திருந்தார். இரண்டரை மாதம் கீரை தின்று, வேலை முடிந்ததும் பள்ளிக்கூடம் வரை நடந்து போய் வந்து, உண்மையான கொழுப்பைக் கரைத்தவர் வாரியம் முழுக்க அவர் ஒருத்திதான். சிதெங்கே துணி இன்னொரு அரைச் சுற்று சுற்றியது. வரம்புக்கு மேல் நின்றவரும் அவர் ஒருத்திதான். மாற்றல் உத்தரவு தட்டச்சாகிவிட்டது. கையெழுத்துக்கு முன் விசாரணை ஒன்று நடத்துவது மரபு.

"அம்மா, நீ போ. நான் பாத்துப்பேன். ரொட்டி வாங்கித் தின்னுட்டுப் படிப்பேன்" என்றாள் முலேங்கா. சொல்லும்போது அவள் வேதியியல் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

விசாரணைக்கு டாக்டர் கலுபாவே தலைமை. வெளியே அக்டோபர் வெயில் தார்ச் சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. மேசையில் குழுவுக்காக இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

"எனக்குள்ள தண்ணியே இல்லைன்னு சொல்றீங்க" என்றார் லவ்னெஸ். "சரி. பாருங்க."

யாரும் தடுப்பதற்குள் பாட்டிலை எடுத்து, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கருவியில் ஏறினார். எண்பத்தேழு.

"ரெண்டு நிமிஷத்துல ரெண்டு கிலோ. நான் குண்டாயிட்டேனா, இல்ல உள்ள தண்ணி இருக்கா? நீங்களே எழுதுங்க."

குழு தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தது. மலாமா எழுந்து தீர்ப்பைப் படித்தார். "ஊழியரிடம் ரெண்டு லிட்டர் தண்ணி இருக்கறது நிரூபணமாயிடுச்சு. அது குழுவோட தண்ணி. இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள திருப்பி ஒப்படைக்கணும்."

"பாத்திரம் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார் லவ்னெஸ்.

டாக்டர் கலுபா மேசையைத் தட்டினார். "உட்காருங்கம்மா. உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா என் கஷ்டத்தையும் பாருங்க. அதே ஆய்வகம்தான் ஒன்பது வருஷமா நாட்டோட தாதுக்கெல்லாம் சான்று குடுக்குது. உங்க சான்று தப்புன்னா, அதெல்லாம் என்ன? எத்தனை பேரு ஜெயிலுக்குப் போகணும்? அதுல ரெண்டு பேரு என் மச்சானுங்க. அதனால உங்களுக்குள்ள ஈரம் கிடையாது. அது முடிஞ்சு போன விஷயம்." மேற்கூரையைப் பார்த்தார். "அதே சமயம் உங்களை மாத்தினா, ஆண்டறிக்கையில நூத்துக்கு நூறு வெற்றின்னு எழுத முடியாது. நானூத்திப் பன்னெண்டுல ஒண்ணு கொறையும். அமைச்சர் அந்த ஒண்ணைத்தான் கேப்பாரு."

பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"தாதுல எது முதல் தரம்? ஈரமே இல்லாதது! இந்தம்மா ஓவர்லோடு இல்லை, இவங்க முதல் தரச் சரக்கு. முதல் தரத்துக்கு எடை வரம்பு தேவையில்லைன்னு ஒரு வரி சேத்துருவோம்."

அப்படித்தான் லவ்னெஸ் கபாசா வாரியத்தின் 'உலர் ஊழியர்' ஆனார். கசெங்காவிலேயே இருக்கலாம். ஒரே நிபந்தனை: அலுவலக வளாகத்தில் அவர் தண்ணீர் குடித்ததாக யாராவது பார்த்தால் சான்று செல்லாது, சிம்பாங்கு உத்தரவு உடனே உயிர்பெறும்.

நவம்பர் இருபத்தாறுக்கு ஆறு வாரம் இருந்தது.

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் காவலாளி ஒருவரை நிறுத்தினார்கள். மேடைக் கூண்டில் மின்விசிறி வெந்த காற்றைக் கிளறியது. உதடு வெடித்தது. கழிவறைக்குப் போனால் மலாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உலர்ந்தவருக்கு அங்கே என்ன வேலை என்பது அவர் சந்தேகம். நவம்பர் முதல் வாரம் மழை பிடித்ததும், சான்றில் ஈரம் பட்டுவிடும் என்று பயந்து, கூண்டிலிருந்து வாசல் வரை அவரே குடை பிடித்துக்கொண்டு கூட வந்தார். பதினான்கு வருடத்தில் அவர் செய்த ஒரே மரியாதை.

பிளைசன் மட்டும் ஒவ்வொரு முறை வரும்போதும் வண்டிக் காகிதங்களை ஒரு தடித்த உறையில் போட்டு ஜன்னல் வழியே நீட்டுவான். உறைக்குள் காகிதமும் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலும்.

"லஞ்சம் குடுக்கறியாடா?"

"ஆமா முலேங்காம்மா. சீக்கிரம் வாங்கிக்குங்க, கேமரா அந்தப் பக்கம் திரும்பிருக்கு."

மேசைக்கு அடியில் குனிந்து, பேனா தேடுவது போல, நான்கு மடக்கு. பேனா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விழுந்தது. தொண்டை நனைந்ததே தவிரத் தாகம் அடங்கியதில்லை. வீட்டுக்குப் போனதும் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். முலேங்கா ஒவ்வொரு பரீட்சையாக முடித்து வந்து சுவரில் ஒரு கோடு அடிப்பாள். ஒன்பது பரீட்சை, ஒன்பது கோடு.

பத்தாவதான கடைசிப் பரீட்சை நவம்பர் இருபத்தாறு, காலை. அன்றைக்கே, அன்று காலையே, அமைச்சர் கசெங்காவுக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. பந்தல், நாற்காலிகள், பித்தளை வாத்தியங்கள். அமைச்சருக்கும் தலைமை இயக்குநருக்கும் நடுவில் வெள்ளித் தட்டில் கண்ணாடி ஜாடி. பனிக்கட்டி மிதக்கும் தண்ணீர். எலுமிச்சைத் துண்டுகள். ஜாடியின் வெளிப்பக்கம் வியர்த்து வழிந்தது. உலர் ஊழியரைப் பட்டுத் துணி போர்த்திய மேடையில் நிற்க வைத்தார்கள். எடைக் கருவியும் பக்கத்திலேயே.

டாக்டர் கலுபா ஒரு மணி நேரம் பேசினார். "நாட்டு மக்கள் எல்லாரும் இப்படி உலர்ந்துட்டா, அமைச்சர் அவர்களே, குடிநீர்த் திட்டங்களுக்கான செலவே மிச்சம்!" அமைச்சர் ஆர்வமாகக் குறித்துக்கொண்டார்.

லவ்னெஸின் கண் பந்தல் ஓரத்திலேயே இருந்தது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். பதினொன்றே முக்காலுக்கு, பள்ளிச் சீருடையில், ஓடி வந்த மூச்சு அடங்காமல் முலேங்கா வந்து நின்றாள். கையைத் தூக்கி, முடிந்தது என்று காட்டினாள்.

லவ்னெஸ் மேடையிலிருந்து இறங்கினார். நேராக நடந்தார். வெள்ளித் தட்டிலிருந்து ஜாடியை இரண்டு கையாலும் தூக்கி, எலுமிச்சைத் துண்டுகளை விரலால் ஒதுக்கிவிட்டு, அமைச்சருக்கும் வாரியத்துக்கும் முன்னால் குடிக்கத் தொடங்கினார். வாத்தியக்காரர்கள் நின்றார்கள். முகவாய் வழியே வழிந்து கழுத்து நனைந்தது, சட்டை நனைந்தது. அவர் அவசரப்படவில்லை. ஜாடியைக் காலியாகத் தட்டில் வைத்தபோது வந்த சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் டாக்டர் கலுபா.

"தாகம் சார்."

மலாமா அங்கேயே அறிக்கை எழுதினார். 'ஊழியர் பட்டப்பகலில், உயர் அதிகாரிகள் முன்னிலையில், ஒன்றே முக்கால் லிட்டர் ஏற்றினார்.' சிம்பாங்கு உத்தரவு மாலைக்குள் வந்துவிட்டது. இருபத்திநாலு மணி நேரத்தில் புறப்பட வேண்டும். வீட்டில் பெட்டிகள் முந்தின நாளே கட்டி வைத்திருந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை.

கையெழுத்துப் போட்டு உத்தரவை வாங்கிக்கொண்ட லவ்னெஸ், வாசலில் திரும்பி நின்று ஒன்று மட்டும் கேட்டார்.

"சார், அங்க ஆறு பெருசா?"